அளவுச் சட்டை

நம் ஊர்களில் தையல்காரரிடம் உடம்பைக் கொண்டுபோகிறவர்களைவிட ஒரு பழைய சட்டையைக் கொண்டுபோகிறவர்கள் அதிகம். 'இந்த அளவுக்குத் தைத்துவிடுங்கள்' என்று மேஜைமேல் போட்டுவிட்டு வந்துவிடலாம். அதற்கு அளவுச் சட்டை என்று பெயர். வீட்டில் இருக்கிற சட்டைகளில் எது உடம்போடு சண்டை போடாமல் இருக்கிறதோ அது அந்தப் பதவியை அடைகிறது. பதவி கிடைத்த பிறகு அதை யாரும் போட்டுக்கொள்வதில்லை. பத்து வருஷத்துக்கு முந்திய ஓர் உடம்பை ஞாபகம் வைத்துக்கொண்டு அலமாரியில் கிடக்கும். அந்த உடம்புக்குத்தான் இன்றைக்கும் துணி வெட்டப்படும். கவிதை விஷயத்தில் நம் விமர்சகர்கள் இதே காரியத்தைச் செய்துவருகிறார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல, என் இடது தோளைப் பற்றி.

கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தவர்தான் 1991லிருந்து எனக்குச் சட்டை தைத்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள், நானும் அப்படியே. கடை என்று சொல்ல ஒரு திண்ணை, இரண்டு மிஷின், காஜா எடுக்கும் பையன் ஒருவன். துணியின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டி பில்லில் குத்திக் கொடுப்பார். சொன்ன தேதியில் ஒருநாளும் கொடுத்ததில்லை. தீபாவளிச் சட்டை கார்த்திகைக்கு வரும். ஆனால் வந்த சட்டை உடம்பில் ஏறியதும் அதை நான் மறந்துவிடுவேன். நல்ல சட்டைக்கு இதைவிட வேறு லட்சணம் எனக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கினால் அது இடுப்பிலிருந்து கிளம்பி வராது. குனிந்தால் முதுகு பிடிக்காது. காலர் கழுத்தைச் சுற்றி நிற்கும், கழுத்தை நெரிக்காது. சட்டை இருக்கிறது என்ற பிரக்ஞையே இல்லாமல் ஒரு நாள் முழுக்க எழுதலாம், பேசலாம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

2019ல் மாஸ்டர் காலமானார். கடைசியாக அவர் தைத்த சட்டை அளவுச் சட்டையாயிற்று. அதை எடுத்துக்கொண்டு வேறு ஒருவரிடம் போனேன். இளைஞர், சுத்தமான கடை, சொன்ன தேதியில் கொடுப்பவர். சட்டையை மேஜையில் விரித்து உள்ளங்கையால் நீவி, நடுவில் மடித்து இரண்டு தோளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். பொருந்தவில்லை.

"சார், பழைய டெய்லர் கோணலா வெட்டியிருக்கார். எடது தோள் முக்கால் இஞ்சு எறங்கியிருக்கு பாருங்க. பக்கத் தையலும் அந்தப் பக்கம் கட்டையா இருக்கு. நான் சரி பண்ணித் தெச்சுடறேன்."

எனக்கு மாஸ்டருக்காக வெட்கமாக இருந்தது. வயதாகிவிட்டது, கண் மங்கியிருக்கும் என்று நானே சமாதானம் சொன்னேன்.

புதுச் சட்டை ஹேங்கரில் தொங்கும்போது குற்றமே சொல்ல முடியாது. போட்டுக்கொண்டதும் காலர் இடது பக்கம் சரிந்தது. கழுத்திலிருந்து இடது அக்குளை நோக்கி ஒரு சுருக்கம் சாய்வாக ஓடியது. பட்டன் வரிசை நேராக இறங்கவில்லை. இடது பக்கத்துக் கீழ்விளிம்பு தாழ்ந்து நின்றது. திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். இளைஞர் டேப்பை வைத்து ஒவ்வோர் இடமாக அளந்து காட்டினார். இடமும் வலமும் நூல் பிசகவில்லை.

"சட்டை கரெக்டா இருக்கு சார்" என்றார்.

மிகவும் மரியாதையான வாக்கியம். மிச்சத்தை அவர் சொல்லவில்லை. எதிரே ஆளுயரக் கண்ணாடி இருந்தது. ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருப்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். "ஏன், உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றாள். கல்யாணமான நாலாம் நாளே பார்த்தாளாம்.

ஆக, கோணலாக வெட்டிய சட்டை என்மேல் நேராக நின்றது, நேராக வெட்டியது கோணிக்கொண்டது. இருபத்தெட்டு வருஷங்கள் ஒரு மனிதர் என்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி துணியை வெட்டி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டணம் முழுக்க என்னை நேரான ஆளாக நடமாட விட்டிருக்கிறார். இதற்கு என்ன பெயர்?

ஏமாற்று என்று என் நண்பர் ஒருவர் சொல்கிறார். கறாரான மனிதர். உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உன்னுடையது, அதை ஒரு தையல்காரன் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம், உன்னிடம் சொல்லக் கூடாதா, ஒரு டாக்டர் இப்படிச் செய்தால் சும்மா இருப்பாயா என்கிறார். இந்த வாதத்தை நான் லேசில் தள்ளிவிடவில்லை. முதல் சில வாரங்கள் எனக்கும் மனத்தில் இருந்தது கோபம்தான். தோள் தாழ்ந்திருப்பது பெரிய விஷயமல்ல. என்னைவிட என்னை நன்றாக அறிந்த ஒருவர் இருந்தார், அவர் மௌனமாக இருந்தார் என்பதுதான் சுட்டது.

ஆனால் யோசிக்க யோசிக்க, மறைத்தார் என்ற சொல் பொருந்தவில்லை. மறைக்கிறவன் தடயத்தை அழிப்பான். மாஸ்டர் ஒவ்வொரு சட்டையிலும் அதை முக்கால் அங்குலத்துக்குத் துல்லியமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். மேஜையில் விரித்து மடித்துப் பார்க்கிற யாருக்கும் தெரியக்கூடிய இடத்தில்தான் இருந்தது. நான் ஒருநாளும் மடித்துப் பார்க்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு பாஷையில் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வாசிக்கத் தெரிந்தவர் வேறு மாதிரி வாசித்தார் என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. இளைஞர் தொழில் தெரிந்தவர், கண்ணும் கூர்மை. மாஸ்டரின் சிரத்தையை அவர் பிழை என்று எடுத்துக்கொண்டார். அவருக்குள் ஒரு நேரான மனிதன் இருக்கிறான். அவனிடமிருந்து விலகுவதெல்லாம் யாரோ கைதவறிச் செய்தது.

இந்த நேரான மனிதனுக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்லே என்ற கணித அறிஞர் 1835ல் 'சராசரி மனிதன்' என்று ஒருவனை எழுதி உருவாக்கினார். 1846ல் ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் 5,738 பேரின் மார்பளவுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு விசித்திரமான காரியம் செய்தார். ஒரே ஒரு சிலையைக் கை நடுங்குகிற ஆட்கள் திரும்பத் திரும்ப அளந்தால் அளவுகள் எப்படிச் சிதறுமோ, இந்தச் சிப்பாய்களின் மார்புகளும் அப்படியே சிதறியிருக்கின்றன என்றார். இயற்கை மனத்தில் வைத்திருந்தது ஒரு சிலைதான். 5,738 பேரும் அதைச் செய்யப்போய் நேர்ந்த பிசகுகள். நாற்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அந்தச் சிலை எந்தப் படையிலும் சேவகம் செய்யவில்லை. ஆனால் படைகளுக்கு உடுப்புத் தைத்துக் குவித்த பட்டறைகளிலிருந்து இன்றைய 38, 40, 42 வரை சட்டைகள் ஏதோ ஒரு வகையில் அதற்காகவே வெட்டப்பட்டு வருகின்றன.

அவன் இல்லை என்பதை ஒருவர் எண்ணியே காட்டிவிட்டார். அமெரிக்க விமானப்படையில் 1950ல் 4,063 பேரை அளந்தார்கள். விமானியின் இருக்கை யாருக்கும் சரியாக அமையவில்லை என்பது பிரச்னை. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் பத்து அளவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நடுவில் இருக்கும் முப்பது சதவீதத்தைத் தாராளமாகவே சராசரி என்று வைத்துக்கொண்டு, பத்திலும் சராசரியானவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. 1952ல் அறிக்கை வந்தது. அதன்பிறகு இருக்கையை ஆளுக்குத் தக்கபடி நகர்த்திக்கொள்ளும்படி செய்தார்கள். சட்டை விஷயத்தில் அந்த அறிக்கை போய்ச் சேரவில்லை. நாம்தான் சட்டைக்குத் தக்கபடி நகர்ந்துகொள்கிறோம்.

டேப் வருவதற்கு முன்னால் ஐரோப்பியத் தையல்காரர்கள் எப்படி அளந்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சற்று நேரம் மேலே போக முடியவில்லை. ஆளுக்கொரு காகிதப் பட்டை, அல்லது தோல் பட்டை. தோளிலிருந்து முழங்கை வரை வைத்து, வந்த இடத்தில் ஒரு வெட்டு. மார்பைச் சுற்றி வைத்து இன்னொரு வெட்டு. பட்டையில் எண் கிடையாது, வாடிக்கையாளரின் பெயர் மட்டும் இருக்கும். கார்ஸோ என்ற பிரெஞ்சுக்காரர் 1769ல் தையற்கலை பற்றி எழுதிய புத்தகத்தில் இது விவரமாக இருக்கிறது. அந்தப் பட்டையை இன்னொருவருடைய பட்டையோடு ஒப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. அங்குலம் குறித்த டேப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியபோதுதான் எல்லா மார்பும் ஒரே கோட்டில் வந்து நின்றன. நீ முப்பத்தாறு, அவர் நாற்பத்திரண்டு. அளவு என்பது ஒருவனை அறிவதற்காக இருந்தது போய், ஒருவனை மற்றவர்கள் நடுவில் நிறுத்துவதற்காக ஆயிற்று. டேப்பைப் பழிப்பது என் நோக்கமல்ல, மாஸ்டர் கழுத்திலும் எப்போதும் டேப் தொங்கியது. ஆனால் அவர் அதைப் பட்டையைப்போல உபயோகித்தார் என்று நினைக்கிறேன். இடது பக்கத்தை அளந்துவிட்டு வலது பக்கமும் அதேதான் என்று அவர் எழுதிக்கொண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடம்பை அப்படியே அறிந்துகொண்டு அப்படியே தைத்துவிட்டால் அது சட்டையாகாது. மார்பு முப்பத்தாறு என்றால் முப்பத்தாறுக்குத் தைக்கிறவன் தொழில் தெரியாதவன். நாற்பது, நாற்பத்தொன்று வைக்க வேண்டும். அந்த நாலைந்து அங்குலத்துக்குத்தான் லூஸ் என்று பெயர். மூச்சு அதில்தான் போய்வருகிறது. லண்டனில் வின்ட்ஸர் கோமகனுக்குத் தைத்த ஃபிரெடரிக் ஷோல்ட்டேயின் புகழெல்லாம், மார்பிலும் முதுகிலும் துணியைக் கொஞ்சம் தாராளமாக விட்டு அது பையாகத் தொங்காமல் மடிந்து விழும்படி செய்ததில் இருந்தது. எவ்வளவு விடுவது என்பது அளவு நோட்டில் இராது. நெருங்கிப்போய் அறிந்துகொண்டுவிட்டு, பிறகு அந்த அறிவை ஆள்மேல் அழுத்தாமல் நாலு விரல் பின்வாங்கி நிற்பது. இதைச் செய்ய முடிந்தவர்கள் எழுத்தாளர்களில் சொற்பம். நான் அவர்களில் இல்லை என்பது சற்றுப் பொறுத்துத் தெரியவரும்.

மாஸ்டரை முழுக்கத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1994ல் என் கல்யாண வரவேற்புக்கு அவர் ஒரு கோட்டுத் தைத்தார். இரண்டு முறை ட்ரையல் பார்த்தார். இரண்டாவது முறை இடது தோளுக்குள் பஞ்சை வைத்து வைத்து எடுத்தார். கோட்டு என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் மரம்மாதிரி நின்றேன். இப்போது அந்தப் போட்டோவை எடுத்துப் பார்க்கிறேன். இரண்டு தோளும் தண்டவாளம்போல் சமமாக இருக்கின்றன. கெத்லேயின் சிலை மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. சட்டையில் அவர் செய்ததும் கோட்டில் செய்ததும் ஒன்றல்ல. சட்டையில் என் கோணலுக்குத் துணியை இணங்கச் செய்தார். கோட்டில் கோணலே இல்லையென்று ஆக்கினார். சட்டைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், கோட்டுக்கு இல்லை. லண்டன் ஸாவில் ரோவிலும் பஞ்சு வைத்துத்தான் தைக்கிறார்கள், அங்கேயும் 'வலது தோள் இறக்கம்' என்று சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்வார்கள், வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தாலும் புரியாதபடி. இது தெரிந்தும் என் அபிப்ராயம் மாறவில்லை. என் நண்பரின் 'ஏமாற்று' என்ற சொல்லை அந்தக் கோட்டுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கத் தயார்.

அளவெடுக்கப்படுவதே வேண்டாம் என்று போகிறவர்களும் உண்டு. வேட்டிக்கு முழக்கணக்கு இருக்கிறது, ஆள் கணக்கு இல்லை. நாலு முழமோ எட்டு முழமோ, தினம் காலையில் அவனவன் கையே அவனவன் இடுப்புக்கு அதைப் பொருத்துகிறது. லண்டனில் படிக்கும்போது பாண்ட் தெருவில் பத்து பவுன் கொடுத்து மாலை விருந்துக்கான சூட்டுத் தைத்துக்கொண்ட காந்தி, 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் சட்டையை விட்டார். ஏழைகளை உத்தேசித்து என்பது தெரியும். ஆனால் அன்றிலிருந்து எந்தத் தையல்காரனுடைய நோட்டிலும் அவருடைய தோள் எழுதப்பட வேண்டியிருக்கவில்லை என்பதும் எனக்குத் தோன்றுகிறது. ஊர் முழுக்க அந்தத் தோளைப் பார்த்தது. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. எனக்குச் சட்டை வேண்டும்.

கோகோலின் 'மேல்கோட்டு' கதையில் பெத்ரோவிச் என்ற தையல்காரன் வருகிறான். கோட்டைக் கொண்டுவந்து அக்காக்கிக்குப் போட்டுவிட்ட பிறகு, தெருவில் நின்று அது போவதை வெகுநேரம் பார்க்கிறான். அது போதாமல் ஒரு சந்து வழியாக ஓடி, முன்னால் போய் நின்று, மறுபடியும் எதிரிலிருந்து பார்க்கிறான். 1842ல் வந்த கதை, எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அவன் பார்த்தது கோட்டை, அக்காக்கியை அல்ல என்று ஒரு கட்டுரையில் குறை சொல்லி எழுதியும் இருக்கிறேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஏழைக் குமாஸ்தாவின் முதுகு எப்படி வளைந்திருக்கும் என்று பீட்டர்ஸ்பர்க்கில் அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

மாஸ்டரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கடையைக் காலிசெய்ய வந்தபோது போயிருந்தேன். துக்கம் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மூலையில் கட்டிவைத்திருந்த நோட்டுகளைக் காட்டி, பார்க்கலாமா தம்பி என்றேன். "எடைக்குப் போடத்தான் சார் வெச்சிருக்கேன், தாராளமாப் பாருங்க" என்றார். என் பக்கம் கிடைத்தது. தோளுக்கு நேரே இ, வ என்று இரண்டு கட்டம், இரண்டில் இரண்டு எண்கள். குறிப்பு எதுவும் இல்லை. முந்தின பக்கத்தைப் புரட்டினேன், அடுத்ததைப் புரட்டினேன். எல்லோருக்கும் இரண்டு கட்டங்கள். பெரும்பாலும் இரண்டிலும் வெவ்வேறு எண்கள்.

அந்த இடத்தில் மூடியிருக்கலாம். மூடவில்லை. தெரிந்த பெயர்களாகத் தேடினேன். அப்படித் தேடும்போது ஒரு பெயர் வந்தது. வெகுகாலம் முன்பு ஒரு பத்திரிகையில் ஏழெட்டு இதழ்கள் என்னோடு சண்டை போட்டவர். அவரும் அங்கேதான் தைத்திருக்கிறார். முதுகுக்கு நேரே பென்சிலால் ஒரு வளைவு, வலது பக்கம் மட்டும் ஒன்றேகால் அங்குலம் கூடுதல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் வேறொன்று ஞாபகம் வந்தது. மேடையில் அவர் சற்று விறைப்பாக, ஒருபக்கமாகத் திரும்பி நின்று பேசுவார், சபைக்கு முதுகைக் காட்டவே மாட்டார். அந்த நிற்கும் தோரணையிலேயே ஆளின் அகம்பாவம் தெரிகிறது என்று நான் அச்சில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்த நண்பர்கள் ரசித்தார்கள். மாஸ்டருக்கு நூற்றுக்கணக்கான பேரின் முதுகும் தோளும் தெரியும். அவர் கடையில் உட்கார்ந்து இன்னொருவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பக்கம். அதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இனி அவர் எழுதியதை அந்தப் பென்சில் வளைவு இல்லாமல் படிக்க முடியுமா என்பது எனக்கே சந்தேகம்.

புது இளைஞர் இப்போது எனக்கு நன்றாகவே தைக்கிறார். மாஸ்டரின் சட்டையையும் அவர் தைத்த சட்டையையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் முன் நின்றேன். முதல் தடவையாக டேப்பை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "பெரியவர் தப்பா வெட்டலை சார்" என்றார். அதன்பிறகு இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்கிறார்.

2023 டிசம்பரில் ஒரு புத்தக வெளியீட்டில் என் பழைய எதிராளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரெடிமேட் சட்டை. முதுகில் வலது பக்கம் இழுத்துப் பிடித்து, காலர் கழுத்திலிருந்து விலகி நின்றது. கூட்டம் முழுக்க நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், புத்தகத்தைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது. முடிந்ததும் திரும்பினார். எங்களுக்குள் பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது.

"மாஸ்டர் போனதுக்கப்புறம் சட்டையே அமையல. நீங்க இப்ப யார்கிட்ட தெக்கிறீங்க?" என்றார்.

அவர் கண் என் தோளில் நின்றதா, எனக்குப் பின்னால் கதவுப் பக்கம் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. கடை இருக்கும் தெருவைச் சொன்னேன். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தது. உள்ளே நுழைந்து, "ஒருத்தர் வருவார் தம்பி. அவருக்கும் ரெண்டு பக்கமும் எடுங்க" என்றேன்.

"என்ன சார், அவருக்கும் தோளா?"

"இல்ல, பொதுவாத்தான் சொன்னேன்."

படி இறங்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமென்று பட்டது. திரும்பிப் பார்த்தேன். இளைஞர் யாருக்கோ காலரை விரித்து வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.